அரம் வைக்கும் முன்

ஜனவரி 3, 2025, வெள்ளி

ஃபவுண்டரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது பார்சல் திண்ணையில் கிடந்தது. நீளமான அட்டைக் குழாய்க்குள் பழைய செய்தித்தாள் சுற்றிய கோல். பிங் ஆன்சர் பட்டர். கோல்ஃபில், குழி இருக்கும் புல்தரையான கிரீனுக்குள் பந்து வந்து சேர்ந்த பிறகு, அதை உருட்டிக் குழியில் விழவைக்கிற கோல்.

இணையத்தில் விற்றவர் சொன்னவை மூன்று. அசல் பிங், நாற்பது வருஷத்துக்கு மேல் பழையது, தலை பெரிலியம் காப்பர். இந்த மூன்றாவதை அவர் பெருமையாகச் சொல்லியிருந்தார். விலையும் அதற்கேற்ப இருந்தது. எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் உறுத்திக்கொண்டே இருந்தது. உலோகத்தோடு வேலை செய்கிறவளுக்கு பெரிலியம் என்ற பெயரைச் சும்மா கடந்துபோக முடியாது.

தலை தேன் நிறத்தில், ஓரங்களில் கறுத்து, அழகாக இருக்கிறது. முகப்பில் பந்து பட்டுப் பட்டு நடுவில் மட்டும் பளபளப்பு. தண்டில் குரோம் பூச்சு நன்றாக இருந்தாலும் கழுத்துக்குப் பக்கத்தில் துரு. கோலைப் பிடித்து லேசாகத் திருகினால் தலை ஒரு மயிரிழை அசைகிறது. உள்ளே பசை விட்டுப்போயிருக்கிறது. பழைய கோலில் இது சாதாரணம்தான். திரும்ப ஒட்டினால் சரியாகிவிடும். ஆனால் ஒட்டுவதற்கு முன் கழுத்தின் துளைக்குள் பழைய பசையைச் சுரண்டி எடுக்கணும், எமரித் தாளால் தேய்க்கணும். அப்போது உலோகத் தூள் பறக்கும். அது என்ன உலோகத்தின் தூள் என்பதுதான் கேள்வி. பெரிலியத்தின் தூள் என்றால் நுரையீரலுக்கு ஆபத்து.

நீளம் அளந்தேன். கிரிப்பின் உச்சியிலிருந்து தண்டின் வழியாக அடிப்பாகம் வரை 35 அங்குலம். நான் ஐந்தடி. எப்படியும் வெட்டித்தான் ஆகவேண்டும். ஆனால் இது எது என்று தெரியும்வரை இதன் மேல் ஒரு பிளேடும் படாது.

ஜனவரி 4, சனி

பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்து, லென்ஸ் கொண்டு எழுத்துகளைப் பார்த்தேன். பிங், ஆன்சர், கார்ஸ்டன், ஃபீனிக்ஸ், அரிசோனா, 85029. கடைசி எண் அந்த ஊர் அஞ்சல் குறியீடு. பழைய பிங் கோல்கள் எந்தக் காலத்தவை என்று சேகரிப்பவர்கள் கணிப்பது இந்த எண்ணை வைத்துத்தான். ஃபீனிக்ஸுக்குப் பதில் ஸ்காட்ஸ்டேல் என்று ஊர்ப்பெயர் இருந்தால் அது ஆன்சரின் முதல் தலைமுறை. என் கையில் ஸ்காட்ஸ்டேல் வந்திருந்தால் வெட்டமாட்டேன், அதைப் பத்திரப்படுத்தத் தெரிந்தவருக்குக் கொடுத்துவிடுவேன். 85029 ஏராளமாகப் புழக்கத்தில் இருப்பது. விளையாடச் செய்தது, விளையாடலாம்.

இந்தக் கோலை உருவாக்கிய கார்ஸ்டன் சோல்ஹைம் நார்வேயின் பெர்கனில் 1911இல் பிறந்தவர். சிறுவயதிலேயே குடும்பம் அமெரிக்கா போய்விட்டது. அப்பாவைப் போலவே செருப்புத் தைக்கும் தொழில் செய்தார். பிறகுதான் பொறியாளராகி ஜெனரல் எலக்ட்ரிக்கில் சேர்ந்தார். கோல்ஃப் கற்றுக்கொண்டதே நாற்பது வயதுக்கு மேல். அவருக்குப் பட்டிங் சரியாக வரவில்லை. பழக்கம் போதவில்லை என்று எல்லாரும் நினைக்கிற இடத்தில் அவர் கோலைச் சந்தேகித்தார். பந்து முகப்பின் நடுவில் படாதபோது தலை திரும்பிவிடுகிறது. எடையை நடுவிலிருந்து எடுத்து இரண்டு ஓரங்களுக்கும் தள்ளினால் திரும்புவது குறையும். சுழலும் சக்கரத்தில் விளிம்பு எடை செய்கிற வேலை இது. 1959இல் கலிஃபோர்னியாவின் ரெட்வுட் சிட்டியில், வீட்டு கராஜில் செய்த முதல் கோல் பந்தைத் தட்டியபோது எழுந்த ஓசையே கம்பெனியின் பெயராயிற்று. ஆன்சர் 1966இல் வந்தது. அதன் முதல் வரைபடத்தை அவர் ஒரு இசைத்தட்டின் உறைமேல் போட்டார். பெயர் வைத்தது மனைவி லூயிஸ்.

எனக்கு இந்த மனிதரைப் பிடிக்கும். தவறு ஆளிடமா பொருளிடமா என்று முதலில் பொருளைச் சோதித்துப் பார்க்கிற புத்தி ஒரு தரக்கட்டுப்பாட்டுக்காரருடையது.

எழுத்துகள் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கின்றன. ஆனால் காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு ஆன்சரின் வடிவத்தை யார் யாரோ செய்தார்கள். உலகத்தில் அதிகம் நகலான பட்டர் வடிவம் இதுவாகத்தான் இருக்கும். எழுத்தை நம்பி மட்டும் ஒரு வார்ப்பைப் பாஸ் போட்டு எனக்குப் பழக்கமில்லை.

ஜனவரி 5, ஞாயிறு

காலையில் செட்டிபாளையம் கோல்ஃப் மைதானம். அங்கே ஆடுகிற பெரியவர் ஒருவரிடம் ஸ்டெயின்லெஸ் ஆன்சர் இருக்கிறது. எண்பதுகளில் வெளிநாட்டில் கடையிலேயே புதிதாக வாங்கியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சம்மதித்தார். கழுத்து இரண்டு முறை செங்கோணத்தில் மடிந்து வருகிற விதம், பின்குழியின் ஓரம், எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் விட்ட இடம், எல்லாம் ஒத்துப்போகின்றன. நகல் எடுக்கிறவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது பின்குழியின் மூலைகளில். அசல் வார்ப்பிலிருந்து அச்சு எடுத்து மறுபடி வார்த்தால் உலோகம் ஆறும்போது சுருங்குவது இரண்டாவது முறையும் சேரும். அதனால் அளவு ஒன்று முதல் ஒன்றரை சதவீதம் சிறுக்கும், மூலைகள் மழுங்கும். முகப்பின் நீளத்தை வெர்னியரில் எடுத்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் அரை மில்லிமீட்டருக்குள். நகலாக இருந்தால் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குறைந்திருக்க வேண்டும்.

பிறகு நீளத்தைப் பார்த்தோம். எனக்குப் பை எடுத்து வரும் செல்வன் நல்ல கண்ணுள்ள பையன். எதிரே உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொன்னான்.

"மேடமுங்க, கோலு வயித்துல இடிக்குதுங்க. அதுக்குத்தான் நீங்க தள்ளி நிக்கறீங்க. கண்ணு பந்துக்கு நேரா வரல பாருங்க."

சரியாகச் சொன்னான். நீளமான கோலைக் குள்ளமானவர்கள் பிடித்தால் முழங்கை மடங்கும், அல்லது பந்தைவிட்டுத் தள்ளி நிற்க நேரும். தள்ளி நின்றால் தண்டு சாய்ந்து, தலையின் நுனி தரையைவிட்டு எழும்பும். நுனி எழுந்தால் முகப்பு இடப்பக்கம் பார்க்கும் என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். முகப்பின் சரிவு நான்கு பாகை, நுனி மூன்று பாகை எழுந்தது என்றால், மூன்று மீட்டர் தூரத்தில் விலகல் ஒரு சென்டிமீட்டர்தான். குழியின் விட்டம் நாலே கால் அங்குலம், கிட்டத்தட்ட 11 சென்டிமீட்டர். ஆகவே அதுவல்ல பெரிய சங்கடம். கண் பந்தின் கோட்டுக்கு மேல் வராமல் உள்ளே தள்ளி இருப்பதுதான். நேர்கோடு நேராகத் தெரியாது. குறியே தவறும்.

கிரிப்பின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, கையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கிக்கொண்டே வந்தோம். தோளிலிருந்து கை தளர்ந்து தொங்கி, கண் பந்துக்கு மேல் வந்து, தலை தரையில் சமமாக உட்கார்ந்த இடம் 32½ அங்குலம். அங்கே கோடு கிழித்தேன்.

ஆன்சரை வைத்து 1969 மாஸ்டர்ஸை வென்ற ஜார்ஜ் ஆர்ச்சர் ஆறடி ஐந்தங்குலத்துக்கும் மேல் உயரம். கடையில் நிற்கும் கோல்கள் 34, 35 அங்குலத்தில் வருவது அமெரிக்க ஆணின் உடம்பை மனதில் வைத்து. நம் ஊரில் ஆட வரும் பெண்களும் பிள்ளைகளும் அந்த நீளத்தோடு மல்லுக்கட்டிவிட்டு, தங்களுக்கு பட்டிங் வராது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இது எனக்கு நிஜமாகவே வருத்தம் தருகிற விஷயம். விதியில் தடை எதுவும் இல்லை. எந்தக் கோலும் 18 அங்குலத்துக்குக் குறையக்கூடாது என்பது ஒன்றுதான் கீழ் வரம்பு. மற்றக் கோல்களுக்கு 48 அங்குலம் என்று மேல் வரம்பு உண்டு, பட்டருக்கு அதுவும் இல்லை.

ஜனவரி 6, திங்கள்

மதிய இடைவேளையில், மேலாளரிடம் கேட்டுக்கொண்டு, லேபில் எக்ஸ்.ஆர்.எஃப். கன்னை வைத்துப் பார்த்தேன். ஸ்கிராப் லாரி வந்தால் துண்டு துண்டாகச் சோதிக்க வைத்திருக்கிற கைக்கருவி. எக்ஸ் கதிரை விட்டால் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய கதிரைத் திருப்பி அனுப்பும். கருவி அதைப் பிரித்து எழுதிக் காட்டும். பொருளுக்குக் கீறல்கூட விழாது. ஸ்பெக்ட்ரோவில் வைத்தால் இன்னும் நுட்பமாகத் தெரியும், ஆனால் அது பொறி வைத்து உலோகத்தைக் கொஞ்சம் ஆவியாக்கிப் பார்க்கிற கருவி. பெரிலியம் இருக்குமோ என்று சந்தேகப்படும் பொருளுக்குப் பொறி வைப்பது சரியல்ல.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கைக்கருவிக்கு பெரிலியம் தெரியாது. தனிம அட்டவணையில் நான்காவதாக வருகிற அத்தனை லேசான அணு; அது அனுப்பும் கதிர் காற்றைத் தாண்டிக் கருவிக்குள் வந்து சேரும் அளவுக்கு வலுவில்லாதது. ஆகவே பெரிலியம் காப்பரை வைத்தால் கருவி ஏறக்குறைய முழுச் செம்பு என்றே காட்டும். 97 சதவீதம் செம்பு, ஓரத்தில் கொஞ்சம் கோபால்ட்டோ நிக்கலோ. அப்படி வந்தால்தான் பயப்பட வேண்டும்.

வந்தது இது: செம்பு 58.4, துத்தநாகம் 38.1, இரும்பு 1.2, மாங்கனீஸ் 0.9, மீதி அலுமினியம்.

பார்த்ததும் சிரித்துவிட்டேன். தெரிந்த முகம். மாங்கனீஸ் பிரான்ஸ். கப்பலின் புரொப்பெல்லரில் போவது, வலு அதிகம் வேண்டிய பம்ப் பாகங்களில் போவது. கோயம்புத்தூரில் பம்ப் வார்க்கிறவர்களுக்கு இதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பிங் தன் பழைய ஆன்சர்களை இந்த உலோகத்திலும் வார்த்தது, பெரிலியம் காப்பரிலும் வார்த்தது. கறுத்துப்போன பிறகு கண்ணால் பிரித்துச் சொல்வது கடினம். விற்றவர் தவறியது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

ஆனாலும் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. இந்தக் கருவி பார்ப்பது மேல்தோலை மட்டும், மைக்ரான் கணக்கில். மலிவான துத்தநாகக் கலவையில் வார்த்து, மேலே பித்தளைப் பூச்சு கனமாகக் கொடுத்திருந்தாலும் செம்பும் துத்தநாகமுமாகத்தான் காட்டும். மாங்கனீஸும் இரும்பும் தெரிவது நல்ல அறிகுறி. உள்ளே இருப்பதைப் பார்க்க வேறு வழி வேண்டும்.

ஜனவரி 7, செவ்வாய்

ஹாட் ஏர் கன்னால் கழுத்தை மெல்லச் சூடாக்கினேன். பசை ஏற்கெனவே விட்டுப்போயிருந்ததால், திருகியதும் தலை கழன்று கையில் வந்துவிட்டது. எதையும் சுரண்டவில்லை.

தலை மட்டும் 308 கிராம். தராசின் மேல் தண்ணீர்ப் பாத்திரம் வைத்து முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். தலையை நூலில் கட்டி, முழுக்க மூழ்கும்படி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தொங்கவிட்டேன். கழுத்துத் துளைக்குள் காற்றுக் குமிழி நின்றுவிடாமல் சாய்த்துச் சாய்த்து இறக்கவேண்டும். அதில்தான் ஆட்கள் கோட்டைவிடுவார்கள். தராசு 37 காட்டியது. இடம்பெயர்ந்த தண்ணீர் 37 கிராம் என்றால் தலையின் கன அளவு 37 கன சென்டிமீட்டர். 308ஐ 37ஆல் வகுத்தால் 8.32.

துத்தநாகக் கலவையாக இருந்தால் 6.6 வந்திருக்கும், தராசு 46க்கு மேல் ஏறியிருக்கும். மாங்கனீஸ் பிரான்ஸின் அடர்த்தி 8.3தான். பெரிலியம் காப்பரும் இதே பக்கத்தில், 8.2, 8.3 என்று வரும். ஆகவே இந்தச் சோதனை மட்டும் போதாது, நேற்றையது மட்டும் போதாது. எக்ஸ்.ஆர்.எஃப். கன் தோலைச் சொன்னது, தண்ணீர் உடம்பைச் சொன்னது. இரண்டையும் சேர்த்து வைத்தால் வேறு எந்த உலோகத்துக்கும் இடமில்லை.

நூலில் தொங்கும்போதே ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டினேன். கணீரென்று நீண்டது ஓசை. வார்ப்பில் விரிசல் இருந்தால் ஓசை செத்துவிடும். வார்ப்புகளைச் சீவிச் சுத்தம் செய்யும் எங்கள் ஃபெட்லிங் பிரிவில் அனுபவசாலிகள் காதாலேயே கண்டுபிடிப்பார்கள். இதில் விரிசல் இல்லை.

அசல். பழையது. பெரிலியம் இல்லை. இனி அரம் வைக்கலாம்.

ஜனவரி 9, வியாழன்

விற்றவருக்குச் செய்தி அனுப்பினேன். சண்டைக்கு அல்ல. தலை மாங்கனீஸ் பிரான்ஸ், பெரிலியம் காப்பர் அல்ல, அளவுகள் இவை, கோல் எனக்குப் பிடித்திருக்கிறது, வைத்துக்கொள்கிறேன், அடுத்த முறை விளம்பரத்தில் உலோகத்தைச் சோதிக்காமல் எழுதாதீர்கள் என்று.

என் நினைப்பெல்லாம் மைதானத்தில் கோல் ரிப்பேர் செய்யும் மணி அண்ணன் மேல்தான் போகிறது. ஒரு சின்ன ஷெட், ஒரே ஜன்னல், பெஞ்ச் கிரைண்டர். முகக்கவசம் இல்லை. இரும்புக் கோல்களின் அடிப்பாகத்தை அரைத்துச் சரிசெய்வது, கழுத்தைச் சுரண்டுவது எல்லாம் அங்கேதான். எண்பதுகளில் பிங் ஐ 2 இரும்புக் கோல்கள் பெரிலியம் காப்பரிலும் வந்தன. வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவந்த பழைய செட்டுகளில் அவை நம் ஊருக்கும் வந்திருக்கும். கையில் பிடித்து ஆடுவதில் கெடுதல் இல்லை. அரைத்தால்தான் ஆபத்து. அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் சிலருக்கு உடம்பே அதை எதிர்த்து வீக்கம் வளர்த்து, வருஷங்கள் கழித்து மூச்சை அடைக்கும். வந்த பிறகு தீர்க்கும் மருந்து கிடையாது, அடக்கி வைக்கத்தான் முடியும். எங்கள் பாதுகாப்புப் பயிற்சியில் இதைப் பாடமாகவே வைத்திருக்கிறோம். ஒரு விளம்பரத்தில் பெருமைக்காகப் போட்ட வார்த்தை ஷெட்டுக்குள் வேறு ஒரு மனிதரின் மூச்சோடு சம்பந்தப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவரிடம் பேச வேண்டும்.

ஜனவரி 11, சனி

கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் துரைசாமி அண்ணனிடம் போனேன். கோலைக் கையில் வாங்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏனம்மணி, இத்தன நல்லா இருக்கறத வெட்டோணுமா?"

"எனக்கு நீளங்கண்ணா."

"செரி. வெட்டறது ஒரு நிமிஷ வேல. வெட்டுனா எடை போயிருமே, அதுக்கு என்ன பண்றது?"

கோல்ஃப் மைதானத்தையே பார்க்காதவர், கேட்க வேண்டிய கேள்வியை முதலில் கேட்டுவிட்டார். தண்டைக் குட்டையாக்கினால் தலை கைக்குப் பக்கத்தில் வந்துவிடும்; அதே தலை லேசாகத் தெரியும். கோல் செய்கிறவர்கள் தராசில் இதைப் புள்ளிகளாகக் கணக்கிடுவார்கள். அரை அங்குலத்துக்கு மூன்று புள்ளி போகும். ஒரு புள்ளியை மீட்கத் தலையில் சுமார் இரண்டு கிராம் வேண்டும். எனக்கு இரண்டரை அங்குலம் போகிறது. அப்படியானால் 30 கிராம். அதிலும் பழைய ஆன்சர் இயல்பிலேயே லேசு. இன்றைக்கு வருகிற தலைகள் 340, 350 கிராம் இருக்கின்றன. லேசான தலையைக் கை அவசரமாக இழுத்துவிடும். மெதுவாக உருட்டவேண்டிய இடத்தில் உதறல் வரும்.

அண்ணன் தண்டின் நுனியில் உள்விட்டத்தை அளந்து, பித்தளைக் கம்பியில் 7.6 மில்லிமீட்டர் விட்டம், 40 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு சிறு குச்சி கடைந்து கொடுத்தார். 15 கிராமுக்குச் சற்று மேல். தண்டுக்குள் விரல் அழுத்தத்தில் நழுவிப் போய் உட்கார்ந்தது. மீதி எடையை ஈயப் பட்டையாகப் பின்குழியில் ஒட்டிக்கொள்வேன். ஈயப் பட்டை விதிக்கு உட்பட்டதுதான், ஆட்டத்தின் நடுவில் ஒட்டுவதும் உரிப்பதும் மட்டும் கூடாது.

காசு வாங்க மாட்டேன் என்றார். பொங்கலுக்குக் கரும்பு வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 12, ஞாயிறு

மணி அண்ணனிடம் பேசினேன். முதலில் நம்பவில்லை.

"இருவது வருசமா அரைக்கறனுங்க மேடம், ஒண்ணும் ஆகலீங்களே."

"ஆகாம இருக்கணும்னுதாங்கண்ணா சொல்றேன். செம்பு நிறத்துல எது வந்தாலும் எங்கிட்ட ஒரு தடவ காட்டிட்டு அரைங்க. அஞ்சு நிமிஷத்துல சொல்லிடுவேன்."

என் கோலின் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு யோசித்தபடி தலையாட்டினார். லேபிலிருந்து கொண்டுபோன வடிகட்டி வைத்த முகக்கவசத்தைக் கொடுத்தேன். சாதாரணத் துணிக் கவசம் இதற்கு உதவாது என்பதையும் சொன்னேன்.

ஜனவரி 13, திங்கள், போகி

விடுப்பு. இன்று வெட்டினேன்.

கிரிப் ரப்பர் கல்லாக இறுகியிருந்தது, காப்பாற்ற முடியாது. வளைந்த பிளேடு கத்தியால் கைக்கு எதிர்ப்பக்கமாக இழுத்துக் கீறி உரித்தேன். அடியில் இருந்த பழைய டேப்பை ஹாட் ஏர் கன்னால் சூடாக்கிச் சுருட்டி எடுத்தேன்.

வெட்ட வேண்டியது மேல்முனையில், கைப்பக்கத்தில். தலைப்பக்கம் வெட்டினால் கழுத்துத் துளைக்குத் தண்டு பொருந்தாமல் போய்விடும். இரும்புத் தண்டு மேலிருந்து கீழே படிப்படியாகச் சிறுக்கிறது. அதனால் நிறைய வெட்டினால் மேல்முனையும் ஒல்லியாகி, புதுக் கிரிப் தளர்ந்துவிடும். வெர்னியரில் பார்த்தேன். உச்சியில் 14.7 மில்லிமீட்டர், வெட்டும் இடத்திலும் அதே 14.7. முதல் படி அதற்கு நல்ல கீழே இருக்கிறது. கிரிப்பின் தொப்பி மட்டும் மூன்று மில்லிமீட்டர் நீளம் கூட்டும், அதையும் கழித்துக் குறி போட்டேன்.

பைப் கட்டரை வைத்து, ஒரு சுற்றுக்குக் கால் திருப்பு மட்டும் இறுக்கி, அவசரமில்லாமல் சுற்றினேன். இறுக்கி அழுத்தினால் குழாய் உள்ளே நெளிந்துவிடும். துண்டு சுத்தமாக விழுந்தது. உள்விளிம்பை உருட்டு அரத்தாலும் வெளிவிளிம்பை மட்ட அரத்தாலும் மழுக்கினேன். இந்த விளிம்பு கூராக இருந்தால் கிரிப்பை உள்ளிருந்தே அறுத்துவிடும். கார்பன் தண்டாக இருந்தால் பைப் கட்டரைத் தொடக்கூடாது, நார் நொறுங்கும். டேப் சுற்றி, நுண்பல் ரம்பத்தால்தான் அறுக்க வேண்டும்.

பிறகு கழுத்து. பழைய பசையைச் சுரண்டி, எமரியால் தேய்த்து, தண்டின் நுனித் துருவையும் எடுத்து, இரண்டையும் அசிட்டோனால் துடைத்தேன். தூள் மாங்கனீஸ் பிரான்ஸ் என்று தெரிந்திருந்தும் வாசலில் காற்றோட்டத்தில்தான் செய்தேன், முகக்கவசத்தோடு. பித்தளைக் குச்சியை உள்ளே ஒட்டி, இரண்டு குழாய் அரால்டைட்டைக் கலந்து தலையைப் பொருத்தினேன். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை வேண்டாம். அடி வாங்கி வாங்கி அது உடைந்துவிடும். மெதுவாக இறுகுவதே இதற்கு ஏற்றது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். கோலைத் தொடவில்லை. பசை இறுகட்டும்.

ஜனவரி 16, வியாழன்

புதுக் கிரிப் ஏற்றினேன். இருபக்க டேப் சுற்றி, கிரிப்பின் முனைத் துளையை விரலால் அடைத்து உள்ளே டர்ப்பென்டைன் ஊற்றிக் குலுக்கி, அதையே டேப்பின் மேல் வழியவிட்டு ஒரே தள்ளில் இறக்க வேண்டும். பல பட்டறைகளில் பெட்ரோல் ஊற்றுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம், மூடிய அறையில் அந்த ஆவிக்கு ஒரு பொறி போதும்.

பட்டரின் கிரிப்புக்கு மட்டும் ஒரு பக்கம் தட்டையாக இருக்க விதி அனுமதிக்கிறது. அந்தத் தட்டை முகப்புக்கு மிகச் சரியாகச் செங்குத்தில் உட்கார வேண்டும். கட்டைவிரல் நம்புவது அதைத்தான். தரை ஓட்டின் கோட்டோடு முகப்பை வைத்து, மேலிருந்து பார்த்து, ஈரம் காய்வதற்குள் திருப்பிச் சரிசெய்தேன். இந்த ஒரு வேலைக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுத்தேன், கொடுக்கத்தான் வேண்டும்.

ஜனவரி 19, ஞாயிறு

கிரீனில் முதல் நாள். ஈயப் பட்டையைப் பின்குழியில் அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டே வந்தேன். செல்வன் பந்து பொறுக்கிப் போட்டான். குச்சியோடு சேர்த்துக் கூட்டிய எடை 24 கிராம் ஆனபோது தூரம் பிடிபட்டது. கணக்கு சொன்ன 30 எனக்குக் கனத்தது. கணக்கு நம்மை வாசல்வரை கொண்டுபோகும், கடைசி ஆறு கிராமைக் கைதான் சொல்லும்.

தலை தரையில் சமமாக உட்காருகிறது. கழுத்தை வளைக்கத் தேவைப்படவில்லை. ஆறடித் தூரத்தில் இப்போது கோடு நேராகத் தெரிகிறது, பந்து புறப்படும் இடத்தில் சந்தேகம் இல்லை. நீண்ட தூரம் இன்னும் பழக வேண்டும்.

"இப்பத்தானுங்க இது உங்க கோலு" என்றான் செல்வன்.

ஜனவரி 22, புதன்

விற்றவர் பதில் போட்டிருக்கிறார். தாத்தாவின் கோல், வீட்டில் எல்லாரும் பெரிலியம் என்றே சொல்லி வந்தார்களாம். விளம்பர வாசகத்தைத் திருத்திவிட்டதாகவும், தானாகவே கொஞ்சம் பணம் திருப்பி அனுப்புவதாகவும் எழுதியிருக்கிறார். பணம் வேண்டாம் என்று எழுதினேன்.

மதியம் மணி அண்ணன் ஃபவுண்டரி கேட்டில் வந்து நின்றார். சாக்கில் சுற்றி இரண்டு பழைய இரும்புக் கோல்கள், செம்பு நிறம். யாரோ அடிப்பாகத்தை அரைத்துத் தரச் சொல்லிக் கொடுத்தவை. கன்னை வைத்தேன். இரண்டிலும் செம்பு 97க்கு மேல், ஓரத்தில் கோபால்ட். துத்தநாகம் இல்லை.

அரைக்கக்கூடாது, சுரண்டக்கூடாது, வளைப்பதானால் மட்டும் வளைக்கலாம் என்று தாளில் எழுதிக் கோலில் கட்டி, சொந்தக்காரரிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். செம்பு நிறத்தில் பழைய கோல் வைத்திருப்பவர்களுக்கும் அதைத்தான் சொல்வேன். ஊரில் பெரிய ஸ்கிராப் வியாபாரிகள் சிலரிடம் எக்ஸ்.ஆர்.எஃப். கருவி இருக்கும். முதலில் அங்கே கொண்டுபோய் ஒரு ரீடிங் எடுங்கள், பிறகு பட்டறைக்குக் கொடுங்கள்.